ஒரே பக்கம், பல மார்க்: களமசேரியில் தீர்க்க வேண்டிய ஒரு பழைய வழக்கு

களமசேரி என்றால் எச்.எம்.டி. தொழிற்சாலையும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே ஊரில் வெளியார் அதிகம் அறியாத இரண்டு அலுவலகங்கள் உண்டு. ஒன்று, கேரள அரசின் மாநிலத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். பாலிடெக்னிக்குகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பதும் அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும் அதன் பொறுப்பு. மற்றது, சென்னைத் தரமணியில் இருக்கும் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் விரிவாக்க மையம். பாடம் எப்படி நடத்துவது என்று ஆசிரியருக்குச் சொல்லித்தர ஒரே ஊரில் இரண்டு கூரைகள். மார்க் எப்படிப் போடுவது என்பது இந்த இரண்டு கூரைகளையும்விடப் பழைய கேள்வி. வெப் லேப்பில் மாணவர் கட்டிக் கொடுக்கும் ஒரு வலைப்பக்கத்துக்கு 25க்கு எத்தனை என்று முடிவு செய்கிற இடத்தில் அது இன்று மறுபடி தலைதூக்கியிருக்கிறது. விடைக்குறிப்பு, அப்ஜெக்டிவ் கேள்வி, கிரேடு, ரூப்ரிக், தானாகத் திருத்தும் மென்பொருள் என்று நூறாண்டுகளுக்கு மேலாகக் கருவி மேல் கருவியாக வந்தாயிற்று. ஒவ்வொன்றும் சிக்கலின் ஒரு துண்டைத் தீர்த்தது. மிச்சத்தைத் தீர்க்கும் வழி ஒன்றே: ஒரே வேலையைப் பல ஆசிரியர்கள் தனித்தனியே திருத்திவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து ஏன் அந்த மார்க் என்று வாதாடுவது. அந்த வழிக்கு ஏற்ற பாடம் வெப் பாடத்தைப்போல் வேறில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மார்க் ஆளுக்கு ஆள் மாறும் என்பது மாணவர்களின் புலம்பலாக மட்டும் இருந்த காலம் 1888இல் முடிந்தது. அந்த ஆண்டில் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர், வானியலில் அளவீட்டுப் பிழையைக் கணக்கிடும் முறையைத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் பொருத்திப் பார்த்தார். போட்டித் தேர்வில் தேறுவதற்கும் தவறுவதற்கும் இடையே எவ்வளவு தற்செயல் இருக்கிறது என்பதை எண்ணாலேயே காட்டினார். அமெரிக்காவில் 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் போட்ட மார்க் 64 முதல் 98 வரை பரவிக் கிடந்தது. ஆங்கிலம் என்பதால்தான் இப்படி, கணிதத்தில் நடக்காது என்றார்கள் சிலர். மறு ஆண்டு ஒரு ஜியாமெட்ரித் தாளை அனுப்பினார்கள். அதில் வித்தியாசம் இன்னும் பெரிது: 28 முதல் 92 வரை. இதைவிடக் கசப்பான முடிவு பிலிப் ஹார்டாக் குழுவினுடையது. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தவர், இந்தியக் கல்வி பற்றிய 1929ஆம் ஆண்டு அறிக்கைக்குத் தலைமை வகித்தவர் என்பதால் ஹார்டாக் நமக்கு அந்நியர் அல்லர். முன்பு ஒரே மார்க் வாங்கியிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை அவரும் அவரோடு ஆய்வு நடத்திய ரோட்ஸும் 15 தேர்வாளர்களிடம் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களை மறுபடி கொடுத்தார்கள். தேர்ச்சியா, தோல்வியா, சிறப்புத் தேர்ச்சியா என்ற 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின. திருத்தியவர் ஒருவரே, தாளும் அதுவே. தீர்ப்பு மட்டும் வேறு. மதிப்பெண்ணின் சிக்கல் இருவருக்கு இடையே மட்டும் இல்லை, ஒருவருக்குள்ளேயே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

கொச்சிக்கு இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி பல பத்தாண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தது. கொச்சி சமஸ்தானத்துப் பிள்ளைகளின் பட்டத்துக்கு முத்திரை குத்தியது மதராஸ். அந்தப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அடிப்படையில் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. கற்பிப்பது ஓரிடம், திருத்துவது வேறிடம், இரண்டுக்கும் நடுவே முத்திரையிட்ட உறை என்ற ஏற்பாடு தென்னிந்தியக் கல்வியின் எலும்புக்கூடாகவே ஆகிவிட்டது. இதில் ஓர் அறம் இருந்தது. திருத்துகிறவருக்கு மாணவரின் சாதியோ ஊரோ தெரியாது. ஆனால் மாணவர் எதைக் கற்றார் என்பதும் அவருக்குத் தெரியாது. விடுதலைக்குப் பின் 1948–49இல் ராதாகிருஷ்ணன் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்விலேயே இருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், 1952–53இல் இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமையேற்றபோது எண்ணுக்குப் பதிலாகக் குறியீடுகளால் மதிப்பிடச் சொன்னார். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பட்டறைகளை நடத்தினார். 1960களில் அலகாபாத்தில் எட்வின் ஹார்ப்பர் பத்து விடைத்தாள்களைத் தொண்ணூறு தேர்வாளர்களிடம் கொடுத்துச் சோதித்தார். மேற்கில் கண்ட அதே சிதறல் இங்கும் இருந்தது. ஆக, நோய் தெரியாமல் நாம் இருந்ததில்லை. மருந்து மட்டும் பெரும்பாலும் வினாத்தாளுக்கே போயிற்று, திருத்துகிறவருக்குப் போகவில்லை.

தொழில்நுட்பக் கல்வியில் இந்தக் குறை இன்னும் ஆழம். 1964இல் சென்னையில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. போபால், கல்கத்தா, சண்டிகர் என மற்றவை அடுத்தடுத்து வந்தன. பாலிடெக்னிக் ஆசிரியர் பொறியாளராக இருந்தால் போதாது, கற்பிக்கவும் தெரிய வேண்டும் என்ற எண்ணமே அவற்றின் அடிப்படை. ஆனால் பாலிடெக்னிக்கின் உயிர் செய்முறையில் இருக்கிறது. செய்முறை மதிப்பெண் என்பது பெரும்பாலும் எக்ஸ்டர்னலும் இன்டர்னலும் லேப்பில் நின்று சில மணி நேரத்தில் முடிக்கும் காரியம். ரெக்கார்டு நோட்டுக்கு இவ்வளவு, நிரல் எழுதியதற்கு இவ்வளவு, ஓடியதற்கு இவ்வளவு, வைவாவுக்கு இவ்வளவு என்ற பங்கீடு தாளில் இருக்கும். பங்கீட்டுக்குள் கை எப்படிப் போகிறது என்பதை எவரும் பார்ப்பதில்லை. நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருந்த தட்டச்சு நிலையங்களின் தேர்வை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. முதல் தாள் வேகத்துக்கு. பிழையை எண்ணிக் கழித்தால் வேலை முடிந்தது, கோவையில் திருத்தினாலும் கோட்டயத்தில் திருத்தினாலும் அதே மார்க்தான். இரண்டாம் தாளில்தான் கடிதமும் ஸ்டேட்மென்டும் வரும். தலைப்பு நடுவில் நிற்கிறதா, ஓரம் சமமா, பத்திகள் கண்ணுக்கு ஒழுங்கா என்பதற்கு எண்ணிக்கை உதவாது, பழகிய கண் வேண்டும். ஒரே தேர்வுக்குள் எண்ணத்தக்கதும் எடைபோட வேண்டியதும் இரண்டு தாளாகப் பிரிந்து கிடந்தன. வலைப்பக்கத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன.

கேரளத்தில் வலைப்பக்கம் கட்டுவது கல்லூரிக்கு முன்பே வகுப்பறைக்குள் வந்துவிட்டது. 2001இல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டம் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. எஸ்.எஸ்.எல்.சி.யில் தகவல் தொழில்நுட்பத்துக்குச் செய்முறைத் தேர்வே வந்தது. 2017இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. 2015 வாக்கில் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. மூன்றுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. அந்தப் புத்தகம் ‘ஃபான்ட்’, ‘சென்டர்’, ‘ஃப்ரேம்செட்’, ‘மார்க்கீ’ குறிச்சொற்களையும் கற்றுக்கொடுத்தது. ஆனால் ‘ஃபான்ட்’டும் ‘சென்டர்’ரும் 1999 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.01 காலத்திலேயே ஒதுக்கச் சொல்லப்பட்டவை. 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல்.5 அதிகாரபூர்வத் தரமானபோது நான்குமே காலாவதிப் பட்டியலில் இருந்தன. ஆக, பாடநூலை வரிக்கு வரி பின்பற்றிய மாணவரின் பக்கத்தை டபிள்யூ3சி சரிபார்ப்பானில் போட்டால் பிழை என்றே வரும். தரத்தைப் பார்த்துத் திருத்துகிறவர் மார்க்கைக் குறைப்பார், புத்தகத்தைப் பார்த்துத் திருத்துகிறவர் முழு மார்க் தருவார். இருவரிடமும் நியாயம் இருக்கிறது. மாணவருக்குக் கிடைப்பது எந்த நியாயம் என்பதை அவருடைய தாள் யார் மேசைக்குப் போயிற்று என்பதே முடிவு செய்கிறது. இது கையிறுக்கமோ தாராளமோ சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. எதை அளக்கிறோம் என்பதிலேயே உடன்பாடு இல்லை.

ஒரு வேலையைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். நூலக உறுப்பினர் பதிவுக்கு ஒரு படிவம், பின்னால் ஒரு தரவுத்தளம், மொத்தம் 25 மார்க். மாணவர் ஒப்படைத்த பக்கம் பளிச்சென்று இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் ‘பதிவு முடிந்தது’ என்கிறது. திரையை மட்டும் பார்க்கும் ஆசிரியர் 22 போடுவார். மூலநிரலைத் திறக்கும் ஆசிரியர், பக்கம் முழுவதும் டேபிளை வைத்தே அடுக்கப்பட்டிருப்பதையும், உள்ளீட்டுக் கட்டங்களுக்கு லேபிள் இல்லாததால் பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் தடுமாறும் என்பதையும் கண்டு 15க்கு இறங்குவார். மூன்றாமவர் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு வெற்றுப் படிவத்தை அனுப்பிப் பார்ப்பார். பெயரில்லாத உறுப்பினர் ஒருவர் தரவுத்தளத்தில் சேர்ந்துவிடுவார், மார்க் 11 ஆகும். இன்னொரு சிறு பொறியும் உண்டு. வீட்டில் விண்டோஸில் செய்த மாணவர் படத்தின் பெயரை ஒரு இடத்தில் பெரிய எழுத்திலும் இன்னொரு இடத்தில் சின்ன எழுத்திலும் எழுதியிருப்பார். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. கேரளப் பள்ளிகளில் ஓடும் லினக்ஸ் விடாது, படம் உடைந்து தெரியும். வேலையில் ஐந்து பக்கம் இருந்து, தரவுத்தளக் கடவுச்சொல் ஒன்று தவறிப்போனால் ஐந்துமே ஓடாது. அந்த ஒரு தவறுக்கு ஒரு முறை கழிப்பதா, ஐந்து முறையா? ‘செயல்பாடு: 10 மார்க்’ என்று அச்சடித்த ரூப்ரிக்கில் இந்தக் கேள்விகள் எதற்கும் விடை இல்லை.

இயந்திரம் இருக்க மனிதரோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். இந்த ஆசை கணினிக் கல்வியின் வயதுடையது. நியூயார்க் மாநிலத்தின் ரென்சலர் பாலிடெக்னிக்கில் துளையட்டைகளில் வந்த மாணவர் நிரல்களைத் தானாகச் சோதிக்கும் திட்டத்தை ஜாக் ஹாலிங்ஸ்வொர்த் 1960இலேயே அச்சில் விளக்கிவிட்டார். விடை ஓர் எண்ணாக இருக்கும் வரை அந்த வழி நன்றாகவே ஓடும். வலைப்பக்கத்திலும் எண்ணத்தக்க பகுதியை இயந்திரத்திடம் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். மூடாத குறிச்சொல், இல்லாத லேபிள் போன்றவற்றைச் சரிபார்ப்பானும் கூகுளின் லைட்ஹவுஸும் சளைக்காமல் கண்டுபிடிக்கும். ஆனால் படத்துக்கு மாற்றுரை இருக்கிறதா என்றுதான் அவை பார்க்கும், அந்த மாற்றுரை உண்மையா என்று பார்க்காது. வயநாட்டுக் காட்டின் படத்துக்கு ‘படம் ஒன்று’ என்று எழுதினாலும் தடையில்லாமல் கடந்துவிடும். நிரல் புரிந்து எழுதியதா, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதா என்பதும் அவற்றுக்குத் தெரியாது. ஒரு வரிக் கட்டளைக்கு முழுப் பக்கத்தையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்தபின், ஓடுகிற பக்கம் என்பது மாணவரின் திறமைக்குச் சாட்சியாகவே இல்லை. வைவாவின் எடை கூடுகிறது. வைவாவோ மதிப்பெண்களில் மிகவும் வழுக்கலானது. எண்ணத்தக்கதை இயந்திரம் எடுத்துக்கொள்ளக் கொள்ள, மனிதருக்கு மிஞ்சுவது முழுக்க முழுக்கத் தீர்ப்புதான். பயிற்சியின் தேவை அதனால் கூடுகிறதே தவிர, குறையவில்லை.

ரூப்ரிக் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். 2014இல் இந்தியா பொறியியல் கல்விக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. ‘விளைவு சார்ந்த கல்வி’ என்ற சொல் அதன்பின் கல்லூரிக்குக் கல்லூரி ஒலித்தது. 2018இல் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கை ரூப்ரிக் மாதிரிகளையே தந்தது. நோக்கம் நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் ‘மிகச் சிறப்பு’, ‘திருப்திகரம்’, ‘மேம்பட வேண்டும்’ என்ற கட்டங்கள் தாமாக எதையும் சொல்வதில்லை. ‘நிரல் தெளிவாகவும் ஒழுங்காகவும் உள்ளது’ என்ற வரியைப் படிக்கும் பத்து ஆசிரியர்கள் மனத்தில் பத்து நிரல்கள் ஓடும். ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1987இல் இதைத்தான் எடுத்துச்சொன்னார். தரம் என்பதை வெறும் சொற்களால் வரையறுத்துவிட முடியாது, சொல்லோடு மாதிரி வேலைகளும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. நடைமுறையில் நம் கல்லூரிகளில் ரூப்ரிக் அங்கீகாரக் கோப்புக்குள் ஓர் அட்டவணையாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. மதிப்பெண்ணை முதலில் போட்டுவிட்டு, அதற்கேற்பக் கட்டங்களை எக்செலில் நிரப்புவது எளிது. அப்போது ரூப்ரிக் தீர்ப்புக்கு வழிகாட்டுவதில்லை, தீர்ப்புக்குச் சான்றிதழ் எழுதுகிறது.

எழுத்துத் தேர்வைப் பொறுத்தவரை நமக்கு ஏற்கனவே ஒரு நல்ல பழக்கம் உண்டு. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் முதன்மைத் தேர்வாளரும் உதவித் தேர்வாளர்களும் தாளைத் தொடும் முன் விடைக்குறிப்பை வைத்து விவாதிக்கிறார்கள். ‘இப்படி எழுதியிருந்தாலும் மார்க் கொடுக்கலாமா’ என்ற கேள்வி அங்கே வாய்விட்டுக் கேட்கப்படுகிறது. செய்முறைக்கு இத்தகைய முகாம் வளராததற்குக் காரணம் உண்டு. களமசேரியின் தொழிற்கூடத்தையே எடுத்துக்கொள்வோம். லேத்தில் கடைந்த ஓர் உருளையை ஒருவர்தான் கையில் வைத்து அளக்க முடியும். நூறு ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் அதைக் காட்ட வழியில்லை. வெல்டிங்கும் அப்படித்தான், சமையலும் அப்படித்தான். வலைப்பக்கம் மட்டும் விதிவிலக்கு. அது செய்முறைப் பொருள், ஆனால் விடைத்தாளைவிட எளிதாக நகலெடுக்கலாம். ஒரு கோப்புறையைக் காசர்கோட்டிலும் பாறசாலையிலும் ஒரே நொடியில் திறக்கலாம், ஒரு எழுத்தும் மாறாது. அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். ஸ்டார்ச்சும் எலியட்டும் தபாலில் செய்த சோதனையை எந்தப் பாலிடெக்னிக் துறையும் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். திருத்துவதற்கு மிகக் கடினம் என்று பேர் வாங்கிய பாடமே திருத்தப் பழக மிக வசதியான பாடமாக இருக்கிறது.

பயிற்சியின் வடிவமும் புதிரானதல்ல. முந்தைய ஆண்டு வேலைகளில் ஆறு எடுக்கலாம். ஒன்று தெளிவாக நல்லது, ஒன்று தெளிவாக மோசம், நான்கு நடுவில் தடுமாற வைப்பவை. பெயர், பதிவெண், புகைப்படம் எல்லாவற்றையும் நீக்கியாக வேண்டும். வெப் லேப்பில் முதல் வேலையே பெரும்பாலும் ‘என்னைப் பற்றி’ பக்கம்தான். அதில் தகப்பன் பெயர், ஊர், படித்த பள்ளி, சாமி படம் வரை இருக்கும். விடைத்தாளுக்குப் பொய் எண் போட்டு மறைப்பதை இந்தப் பக்கம் ஒரே திரையில் உடைத்துவிடும். பொருளை மாற்றிக் கொடுத்தாலே பாதி பாரபட்சம் போய்விடும். எல்லா வேலைகளும் ஒரே இயக்குதளத்தில், ஒரே உலாவியில் திறக்கப்பட வேண்டும். ஒவ்வோர் ஆசிரியரும் பேசாமல் திருத்தி, மார்க்கை எழுதிக் கொடுத்தபின்தான் பேச்சு தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் சொன்ன எண்ணைச் சுற்றியே மற்றவர்கள் நிற்பார்கள். பிறகு அதிகம் போட்டவரும் குறைவாகப் போட்டவரும் தங்கள் காரணத்தைச் சொல்ல வேண்டும். ‘சர்வர் பக்கச் சரிபார்ப்பு இல்லையென்றால் மூன்று மார்க் கழியும்’, ‘பாடநூலில் இருக்கும் பழைய குறிச்சொல்லுக்குக் கழிவில்லை’, ‘ஒரே பிழை பல பக்கத்தைக் கெடுத்தால் ஒரு முறை மட்டும் கழிவு’ என்று எடுத்த முடிவுகளை அந்தந்த மாதிரி வேலையோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். திருத்தல் நடக்கும் நாட்களில், ஏற்கனவே மார்க் முடிவான ஒரு வேலையைச் சொல்லாமல் நடுவில் செருகினால், யார் வழுக்குகிறார் என்பது அன்றே தெரியும். ஹார்டாக் கண்ட நோய்க்கு இதுவே நாடி பார்க்கும் முறை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், பயிற்சியே பெரிதாகப் பலன் தருவதில்லை என்பது. அதில் உண்மை இருக்கிறது. எழுத்துத் திறன் தேர்வாளர்களைப் பற்றி சாரா வீகல் 1998இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சிக்குப் பிறகும் கையிறுக்கமானவர் இறுக்கமாகவும் தாராளமானவர் தாராளமாகவும் இருப்பதைக் காட்டியது. ஆனால் ஒவ்வொருவரும் தம்மளவில் சீராகிறார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இது சின்ன லாபமல்ல. எப்போதும் மூன்று மார்க் குறைத்துப் போடுபவரைக் கணக்கால் சரிக்கட்டலாம். நாளுக்கொரு விதமாகப் போடுபவரை எந்தக் கணக்கும் சரிக்கட்டாது. இன்னொரு வாதம், ஆசிரியர் கூடிப் பேசுவதை நம்பிப் பெரிய தேர்வுமுறையையே நடத்த முடியாது என்பது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 1972இல் பள்ளியிறுதிப் பொதுத்தேர்வை நிறுத்திவிட்டு, பள்ளிகளின் மதிப்பீட்டை ஆசிரியர் குழுக்கள் ஒப்புநோக்கும் முறையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியது. 2020இல் பொதுத்தேர்வு அங்கே திரும்பி வந்தது உண்மை. ஆனாலும் பெரும்பாலான பாடங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் இன்னும் பள்ளி மதிப்பீட்டிலிருந்தே வருகிறது. கூட்டுத் தீர்ப்பு தனியாக எல்லாவற்றையும் சுமக்காது, அதை விட்டுவிட்டும் நிற்க முடியாது என்பதே அந்த அனுபவம் சொல்வது. படைப்பூக்கம் செத்துவிடும் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. ஒரே எச்.டி.எம்.எல். கோப்புக்கு நூற்றுக்கணக்கான தோற்றங்கள் தரலாம் என்று சி.எஸ்.எஸ். சென் கார்டன் தளம் 2003இலிருந்து காட்டிவந்தது. பக்கங்கள் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. வித்தியாசமான பக்கத்தைப் பார்த்து மிரளாத கண் ஆசிரியருக்கு இருந்தால் போதும், அந்தக் கண் பத்து விதமான பக்கங்களைப் பிறரோடு சேர்ந்து பார்த்தால்தான் வரும்.

மிச்சமிருப்பது நேரமும் பணமும். ஆசிரியருக்கு ஏற்கனவே வேலை அதிகம் என்பது மறுக்க முடியாதது. ஆனால் அங்கீகாரக் கோப்புக்கு அட்டவணை நிரப்பும் மணிகளும் அதே ஆசிரியரின் மணிகள்தாம். ஒரு பருவத்துக்கு ஒரு பிற்பகலை அங்கிருந்து எடுத்து இங்கே போட்டால் கணக்கு நேராகிவிடும். களமசேரி நிறுவனம் பாடத்திட்டத்தைத் திருத்தி வெளியிடும்போது பாடப்பொருள், விளைவுகள், மதிப்பெண் பங்கீடு மூன்றையும் தருகிறது. நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: ஒவ்வொரு லேப் பாடத்துக்கும் பெயர் நீக்கிய மாதிரி வேலைகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் கூடி முடிவு செய்த மார்க், அந்த மார்க்குக்கான காரணம். தரமணி நிறுவனத்தின் விரிவாக்க மையம் அதே களமசேரியில் இருப்பதால் இதைத் தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக்குகளுக்கும் எடுத்துச் செல்வது கடினமில்லை. அந்தத் தொகுப்பு மாணவர் கைக்கும் போக வேண்டும். எதற்கு 22, எதற்கு 11 என்று ஒப்படைக்கும் முன்பே பார்த்துவிட்ட மாணவர் மறுமதிப்பீட்டுக்கு அலைய மாட்டார். அலைந்தாலும், தன் பக்கத்தை அந்த ஆறு பக்கங்களுக்கு அருகே வைத்துக் காரணம் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். 1857இல் முத்திரையிட்ட உறையோடு தொடங்கிய ஏற்பாட்டில் மாணவருக்குக் கிடைக்காமலே போன உரிமை அது.